கடைசி எட்டுக் கட்டம்

செப்டம்பர் 9, திங்கள்

இன்று முதல் எல்லாவற்றையும் எழுதி வைக்கப் போகிறேன். நாளைக்கு ஏதாவது நடந்தால் என்னிடம் ஆதாரம் இருக்க வேண்டும்.

மேனேஜர் நஸீமா மேடம் எங்கள் இருவரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். டிசம்பரோடு எங்கள் ப்ராஜெக்டில் ஒரே ஓர் ஆள்தானாம். எங்கள் வாடிக்கையாளர்களான கனடாக்காரர்கள் அந்தப் பழைய மெயின்ஃப்ரேம் கணினியை இன்னும் சில வருடம் ஓட்டுவார்கள். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளச் சென்னையில் இரண்டு பேர் எதற்கு என்று கேட்கிறார்கள். யார் இருப்பது, யார் கிளம்புவது என்பது நவம்பரில் தெரியும்.

"ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான், தாணு சார்" என்றார் மேடம். இப்படிச் சொல்கிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள்.

இன்னொருத்தி ஹெப்சிபா. பாளையங்கோட்டைப் பெண். முப்பது வயது இருக்கும், கையில் ஒரு வயதுக் குழந்தை. இரண்டு வருடமாக எனக்குப் பக்கத்து நாற்காலி. அறையிலிருந்து வெளியே வந்ததும், "காப்பி குடிச்சிட்டு வருவோமாண்ணா?" என்றாள். இதுவரை அவளாக என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டதே இல்லை. இன்றைக்கு மட்டும் என்ன? வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. கல்லூரி முடித்த நாளிலிருந்து மெயின்ஃப்ரேம்தான். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தண்ணீர் கேன்காரன் கார்ப்பரேஷன் தண்ணீரையே பிடித்துக் கொடுக்கிறான் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். காலிக் கேனோடு மூடியையும் கொடுத்தனுப்பினேன். மூடியின் உள்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அதே மூடி திரும்பி வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். என் மனைவி அனுசூயா தலையில் அடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 12, வியாழன்

ஆதாரம் என்றால் படிக்கிறவருக்குப் புரிய வேண்டும். அதனால் எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்கிறேன்.

ஒரு காலத்தில் தடித்த காகித அட்டைகளில் துளை போட்டு, கட்டுக் கட்டாக மெயின்ஃப்ரேமுக்குள் தள்ளுவார்கள். ஓர் அட்டையில் எண்பது கட்டம். அட்டைகள் எப்போதோ போய்விட்டன, இப்போது எல்லாம் திரையில்தான். ஆனால் இயந்திரம் இன்னும் தான் அட்டை படிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஃபைலின் ஒவ்வொரு வரியும் எண்பது எழுத்து, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த வரியை நாங்கள் இன்றும் கார்டு என்றுதான் சொல்கிறோம்.

கனடாக்காரர்கள் சின்ன ஊர் கிளினிக்குகளுக்கு டயாலிசிஸ் திரவம் அனுப்புகிறவர்கள். கிளினிக்குக்கு ஒரு கார்டு. அதில் கிளினிக்கின் பெயர், என்ன திரவம், எத்தனை பெட்டி. கடைசி எட்டுக் கட்டத்தில் கிளினிக்கின் அடையாளம். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு ஃபைல்கள். நம்மூர் நேரம் காலை ஒன்பதுக்கு இயந்திரம் நான்கையும் படிக்கும். அடையாளம் சரியாக இருந்தால் அங்கே லாரி கிளம்பும். தவறாக இருந்தால் அந்தக் கார்டைத் தள்ளிவிடும், பெட்டி போகாது.

கிளினிக் அடையாளம் இத்தனை நாள் எழுத்துகளாக இருந்தது. இனிமேல் எட்டு இலக்க எண். அதற்காக, ஃபைல்களை வைக்க ஒரு புது லைப்ரரி உண்டாக்கி, நான்கு ஃபைலையும் எண் வரிசைப்படி அடுக்கி வைத்தவள் ஹெப்சிபா. இன்றிலிருந்து அதுதான் ஓடுகிறது. காலையில் முதல் ஓட்டம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. மேடம் நான்கு பேர் முன்னால் அவளைப் பாராட்டினார்.

மாலையில் தெற்கு ஃபைலைத் திறந்து பார்த்தேன். யாராவது ஒருவர் சரிபார்க்க வேண்டாமா? திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. கிளினிக் பெயர், திரவம், பெட்டி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதல் கார்டு நட்சத்திரக் குறியில் தொடங்கும் குறிப்புக் கார்டு, அதை இயந்திரம் படிக்காது. அதில் தன் பெயரையும் தேதியையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், முடிவில் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. நான் ஒரு புள்ளி வைத்துச் சேமித்துவிட்டுக் கிளம்பினேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

தெற்கில் ஒரு கார்டுகூடத் தேறவில்லை. எல்லாவற்றையும் இயந்திரம் தள்ளிவிட்டது. அவள் வேலையின் லட்சணம் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. நான் எதைச் சந்தேகப்பட்டுத் திறந்தேனோ அதிலேயே அடி. என் உள்ளுணர்வு பொய்த்ததில்லை.

தள்ளப்பட்ட கார்டுகளை அச்சில் பார்த்தேன். கடைசி எட்டுக் கட்டத்தில் கிளினிக் எண்ணுக்குப் பதிலாக நூறு, இருநூறு, முந்நூறு என்று ஏறிக்கொண்டே போகிறது. ஃபைலைத் திறந்து திருத்த உதவும் எடிட்டர் தானாகப் போடும் வரிசை எண் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த வசதியை நான் ஹெப்சிபா பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அணைத்துவிட்டேன்.

அவள் அச்சை ஒரு பார்வை பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், உடனே உட்கார்ந்து எல்லா எண்களையும் சரிசெய்து மறுபடி ஓட்டிவிட்டாள். மற்றவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய இடத்தில் இவளுக்கு மட்டும் எப்படி உடனே தெரிகிறது?

செப்டம்பர் 17, செவ்வாய்

ஹெப்சிபா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. புது லைப்ரரிக்கு உங்க எடிட்டர் செட்டிங்க ஒருக்கா பாத்துக்கிடுங்களேன்."

"என் செட்டிங்குக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல... சும்மா. நான் வேணா பாத்துச் சொல்லட்டா?"

"எனக்கு எங்க என்ன இருக்குன்னு தெரியும்மா" என்று சொல்லி அவள் முன்னாலேயே திரையைப் பூட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அங்கே உட்காரப் பார்க்கிறாள். கை கழுவப் போனால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவேன், அது அவளுக்கும் தெரியும்.

செப்டம்பர் 18, புதன்

பொறி வைத்துவிட்டேன். இன்று வடக்கு ஃபைலின் குறிப்புக் கார்டில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு புள்ளி. நாளைக்கு வேறு ஃபைல். யாராவது ஃபைலைப் பழைய பிரதியிலிருந்து மாற்றி வைத்தால் புள்ளி காணாமல் போகும். அது தவிர, கடைசியாகச் சேமித்தவர் பெயரையும் நேரத்தையும் சிஸ்டமே காட்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

மாட்டினாள். காலை எட்டரை மணிக்கு வடக்கு ஃபைலைச் சேமித்திருக்கிறாள். ஒன்பதரைக்கு வருகிறவள் எட்டரைக்கே வந்துவிட்டாள்!

திறந்து வரிவரியாகப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. நான் வைத்த புள்ளிகூட அப்படியே இருக்கிறது. ஒன்றையும் மாற்றாதவள் எதற்குச் சேமிக்க வேண்டும்? இதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. மாலையில் கிழக்கில் இரண்டு புள்ளிகள் வைத்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

கிழக்கு. காலை எட்டரை. அவள்தான்.

செப்டம்பர் 26, வியாழன்

தினமும் இதே கதை. முந்தின நாள் மாலை நான் எந்த ஃபைலில் புள்ளி வைக்கிறேனோ, மறுநாள் காலை அதைத்தான் அவள் சேமிக்கிறாள். மற்ற மூன்றையும் தொடுவதில்லை. என் பொறி அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இன்று புதிதாக ஒன்று. நான்கு ஃபைலிலும் இரண்டாவது கார்டாக ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறாள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் தயவுசெய்து எடிட்டில் திறக்காமல் வியூவில் திறக்கவும் என்று ஆங்கிலத்தில். இந்த ஃபைலைத் தொடுகிறவர்கள் நானும் அவளும் மட்டும்தான். அப்படியானால் இது யாருக்கு? வேறு யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது என்கிறாள். அப்படி என்ன ஒளித்து வைத்திருக்கிறாள்?

கேன் மூடி இன்னும் திரும்பி வரவில்லை. அவனும் புள்ளியைப் பார்த்திருப்பான்.

அக்டோபர் 4, வெள்ளி

அலுவலகத்தில் ஆயுத பூஜை. எல்லார் திரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டின் மேல் ஒரு சாமந்திப்பூ. நான் என் இடத்துக்கு வருவதற்குள் என் திரைக்கும் யாரோ சந்தனம் வைத்திருந்தார்கள். ஹெப்சிபாதான். கிறிஸ்துவப் பெண், எவ்வளவு அழகாக வைத்திருக்கிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கீபோர்டைத் தூக்கி அடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஆள் இளைத்திருக்கிறாள். கண்ணுக்கடியில் கருப்பு. தினமும் ஒரு மணி நேரம் முன்னால் வருவதென்றால் சும்மாவா!

அக்டோபர் 10, வியாழன்

குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஹெப்சிபா பதினோரு மணிக்குத்தான் வந்தாள். சரியாக இன்று கிழக்கு முழுவதும் விழுந்துவிட்டது. அதே நூறு, இருநூறு, முந்நூறு. வாரம் ஒருமுறை படகு போகும் தீவில் ஒரு கிளினிக் இருக்கிறது. இன்றைய படகில் பெட்டி ஏறவில்லை. இருப்பு தீர்ந்தால் நோயாளிகளைக் கரைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று கனடாவிலிருந்து போன். நஸீமா மேடத்தின் குரல் நடுங்கியதை இதுவரை நான் கேட்டதில்லை.

ஹெப்சிபா வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. நின்றபடியே அச்சைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, நேத்து சாயங்காலம் கிழக்கத் தொட்டீங்களா?"

"நீ தொட்டியா?" என்று கேட்டேன்.

போய் உட்கார்ந்து சரிசெய்தாள். தான் அலுவலகத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வெடிக்கும்படி வைத்துவிட்டு, வந்து நல்லவள் போல அணைக்கிறாள். இது தெரியாதா எனக்கு?

அக்டோபர் 15, செவ்வாய்

நான்கு நாள் யோசித்தேன். இன்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். சும்மா வாயால் அல்ல. தினமும் காலை எட்டரைக்கு அவள் பெயர் இருக்கிற திரைகளை எல்லாம் படம் எடுத்து வைத்திருந்தேன், வரிசையாகக் காட்டினேன். யாரிடமும் சொல்லாமல் ஓடுகிற ஃபைலைத் தினமும் மாற்றியிருக்கிறாள். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

மேடம் படங்களை முதலிலிருந்து மறுபடி ஒருமுறை பார்த்தார். "அவளா?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 16, புதன்

ஹெப்சிபாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை அவள் ஐடியை முடக்கி வைத்திருக்கிறார்கள். செக்யூரிட்டி ஒருவர் பக்கத்தில் நிற்க, இழுப்பறையைக் காலி செய்தாள். தண்ணீர் பாட்டில், குழந்தை போட்டோ, ஒரு ஸ்வெட்டர். என்னிடம் வந்து, "வாரேண்ணா" என்றாள். ஊரில் போகும்போது அப்படித்தான் சொல்வார்கள், போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். திரும்பி வருவேன் என்று மிரட்டினாளோ என்று சிறிது நேரம் யோசித்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

நான்கு ஃபைலும் சுத்தம். நிம்மதி.

அக்டோபர் 28, திங்கள்

தீபாவளி முடிந்து இன்று வேலைக்குப் போனேன். அவள் போனதிலிருந்து ஒரு கார்டுகூட விழவில்லை. இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா? புள்ளி வைப்பதை நான் அன்றோடு நிறுத்திவிட்டேன், ஃபைலைத் திறப்பதுகூட இல்லை. ஆள் போன பிறகு யாருக்குப் பொறி?

அனுவிடம் சொன்னேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பிள்ளைக்கி இதுல என்ன லாபமாம்?"

"நான் போனா அவளுக்கு வேலை."

"ஒங்க வேலைய இல்லா கெடுத்திருக்கணும்? அவ செஞ்ச வேலைய அவளே கெடுப்பாளா?"

கேள்விக்குப் பதில் இருக்கிறது. இப்போது எழுத நேரமில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

விசாரணை அடுத்த வாரம். நான் எப்படிப் பொறி வைத்தேன் என்று படத்தோடு ஓர் அறிக்கை வேண்டும் என்றார் மேடம். மாலையில் மேற்கு ஃபைலைத் திறந்து, வழக்கம்போல ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு படியையும் படமெடுத்து, சேமித்தேன். அறிக்கை நன்றாக வந்திருக்கிறது.

நவம்பர் 6, புதன்

மேற்கு விழுந்துவிட்டது. முழுவதும். நூறு, இருநூறு, முந்நூறு.

ஹெப்சிபா பாளையங்கோட்டையில் இருக்கிறாள். அவள் ஐடி பூட்டியிருக்கிறது, இரண்டு தடவை உறுதி செய்துவிட்டேன். அப்படியானால் போகும்போது யாரையோ உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நஸீமா மேடமா? நேற்று மேற்கைத் திறக்கப் போகிறேன் என்று அவரிடம் மட்டும்தான் சொன்னேன். அல்லது கனடாவிலேயே ஒருவன்.

எண்களைச் சரிசெய்ய எனக்கு மதியம்வரை ஆகிவிட்டது. அவள் இதைத் தினமும் அரை மணி நேரத்தில் முடித்திருக்கிறாள்.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். தினமும் எதை முடித்திருக்கிறாள்?

நவம்பர் 7, வியாழன்

அச்சையும் திரையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அச்சில் கார்டுக்கு எண்பது எழுத்து இருக்கிறது. என் திரையில் எண்ணினால் எழுபத்திரண்டோடு முடிகிறது. கிளினிக் பெயர், திரவம், பெட்டி. எண் இல்லை. இந்த இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட என் திரையில் கிளினிக் எண்ணை நான் பார்க்கவே இல்லை. பார்க்கவில்லை என்பதையும் கவனிக்கவில்லை.

எடிட்டரின் அமைப்பைக் கேட்டேன். நம்பர் ஆன் என்றது.

அட்டைக் காலத்தில் கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் வரிசை குலைந்துவிடும், மறுபடி அடுக்க வேண்டும். அதற்காகக் கடைசி எட்டுக் கட்டத்தை வரிசை எண்ணுக்கென்று ஒதுக்கினார்கள். அட்டை போய்விட்டது, எடிட்டருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. நம்பர் ஆன் என்று இருந்து, கடைசி எட்டில் எண்கள் ஏறுவரிசையில் இருந்தால், அவை தன்னுடையவை என்று எடுத்துக்கொள்ளும். நம் கண்ணுக்குக் காட்டாது. சேமிக்கும்போது நூறு, இருநூறு என்று தானே புதிதாக எழுதிவிடும்.

நான் அணைத்தது உண்மை. பழைய லைப்ரரியில் அணைத்திருந்தேன். புது லைப்ரரிக்கு எடிட்டர் புதிதாகத் தொடங்கி, நம்பரை ஆன் செய்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஒருக்கா பாத்துக்கிடுங்களேன் என்று அவள் சொன்னது அதைத்தான்.

நான் புள்ளி வைத்துச் சேமித்த ஒவ்வொரு மாலையும் ஒரு ஃபைல் கெட்டிருக்கிறது. மறுநாள் காலை எட்டரைக்கு வந்து, ஒன்பது மணி ஓட்டத்துக்குள் அவள் அதைச் சரிசெய்திருக்கிறாள். அவளால் வர முடியாத அன்று தீவுக்குப் படகு வெறுமனே போனது.

யாரிடமும் சொல்லவில்லை. திரையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

நம்பரை அணைத்தேன். இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நவம்பர் 10, ஞாயிறு

கேன்காரன் வந்தான். மூடியைத் தராமல் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "மூடிய எல்லாம் அங்கேயே போட்டுருவோம் சார், புதுசுதான் போடுவாங்க" என்றான். அனு உள்ளேயிருந்து சிரித்தாள். பிறகு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"என்ன ஆச்சுங்க? ரெண்டு நாளா சோத்த அளைஞ்சிட்டே இருக்கீங்க."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்கித் தெரியுமா, இது நீங்கதாம்னு?"

"தெரியாம இருக்காது."

"அப்போ புதன்கிழமை அதுவே சொல்லிரும்."

ஆமாம், சொல்லிவிடுவாள். அவளிடம் அதுதான் ஆயுதம். விசாரணைக்காகவே சேர்த்து வைத்திருக்கிறாள். அவள் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். என் செட்டிங்கை அவளே மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். நான் கை கழுவப் போன நேரத்தில். பூட்ட மறந்த ஒரு நாளில். நான் ஒருநாளும் மறந்ததில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நவம்பர் 13, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்ணாடி அறையில் மேடம், எச்.ஆரிலிருந்து ஒருவர், நான், ஹெப்சிபா. அவள் இரவு ரயிலில் வந்திருந்தாள். வெளியே வரவேற்பறையில் அவள் அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வழியாகக் குழந்தை எங்களைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டியது.

என் அறிக்கையைக் காட்டினார்கள். எச்.ஆர்.காரர் கேட்டார்.

"தினமும் காலைல ஃபைலை மாத்தினது நீங்கதானே?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

"நம்பர் தப்பா இருந்துச்சு. சரி பண்ணினேன்."

"தினமுமா? யார் தப்பாக்கினது?"

இதோ சொல்லப் போகிறாள் என்று மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"தெரியலை சார்" என்றாள்.

என் பக்கம் திரும்பவே இல்லை. பொய் சொல்கிறாள். ஏன் சொல்கிறாள்? இதில் என்ன வைத்திருக்கிறாள்? பிறகு இன்னும் பெரிதாக எதையாவது எடுக்கப் போகிறாளா? எச்.ஆர்.காரர், "தெரியாதுன்னா உங்க மேலதான் நடவடிக்கை எடுக்கணும், புரியுதா?" என்றார். "புரியுது சார்" என்றாள். வெளியே குழந்தை அழத் தொடங்கியது. அவள் கழுத்து மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது, ஆள் அசையவில்லை.

"நான்தான்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மடிக்கணினியை இழுத்து, மேடத்திடம் ஒரு சோதனை ஃபைல் கேட்டு, நம்பரை ஆன் செய்து, ஒரு புள்ளி வைத்துச் சேமித்துக் காட்டினேன். நூறு, இருநூறு, முந்நூறு. பெரிய திரையில் எல்லாரும் பார்த்தார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு அவமானப்பட்டதில்லை.

மேடம் அவளிடம் திரும்பினார். "ஹெப்சிபா, உனக்கு இது தெரியுமா?"

"முதல் நாளே தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அண்ணாட்ட சொல்லிப் பாத்தேன். அவங்க கேட்டுக்கிடல. குறிப்பும் எழுதி வச்சேன்." வெளியே குழந்தையைப் பார்த்தாள். "உங்கட்ட சொன்னா அவங்களத்தான அனுப்புவீங்க. நான் கொஞ்சம் சீக்கிரம் வந்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன். வேல போனாலும் நான் வேற ஏதாச்சும் படிச்சிக்கிடுவேன் மேடம். அண்ணாவுக்கு இத விட்டா வேற ஒண்ணும் தெரியாது."

இதே வார்த்தைகளை நான் இந்த நோட்டில் முதல் நாள் எழுதியிருக்கிறேன். இந்த நோட்டு வீட்டுப் பீரோவில் பூட்டில் இருக்கிறது. அவள் இதை எப்படிப் படித்தாள் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், யோசித்தேன்.

நவம்பர் 14, வியாழன்

விடுப்பு. அனு ரசவடை செய்தாள்.

நவம்பர் 29, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. ஹெப்சிபா இருப்பாள். எனக்கு டிசம்பர் கடைசிவரை. மேடம் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார், இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. நான் வருத்தப்படவில்லை என்று எழுதினால் பொய். வருத்தமாகத்தான் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

டிசம்பர் 20, வெள்ளி

என் வேலைகளை அவளிடம் ஒப்படைக்கும் கடைசி வாரம். பழைய இடத்திலேயே, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள், ஆனால் அதை வாக்கியத்தின் கடைசியில் சேர்க்காமல் விட்டுவிடுகிற நாள்களும் உண்டு. நான் முடித்த ஒவ்வொரு ஃபைலையும் எனக்குப் பின்னால் அவள் ஒருமுறை பார்க்கிறாள். எனக்குத் தெரியும், என் நாற்காலியிலிருந்தே அவள் திரை தெரிகிறது. அவளும் மறைக்கவில்லை.

"நான் பார்த்ததுல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "வியூலதான் பாக்கேன். வியூல எத்தன தடவ பாத்தாலும் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

இன்று நான்கு ஃபைலின் குறிப்புக் கார்டுகளிலும் நான் வைத்த புள்ளிகளைத் தேடினேன். ஒன்றும் குறையாமல் அப்படியே இருக்கின்றன. எண்களைச் சரிசெய்த தினங்களில் எல்லாம் அவள் இவற்றைப் பார்த்திருப்பாள். எதற்கென்று புரிந்துமிருக்கும். அழிக்கலாமா என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றாள்.

மதியம், "காப்பி குடிச்சிட்டு வருவோமா?" என்று கேட்டேன். வேலை இருக்கிறது என்றாள். நான் எழுந்தேன். இருபத்தைந்து வருடப் பழக்கம், கை தானாகக் கீபோர்டுக்குப் போயிற்று. கையை எடுத்துக்கொண்டேன். திரையைப் பூட்டாமல், ஃபைல் திறந்தது திறந்தபடி, அவளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று காப்பி முழுவதையும் கேன்டீன் கண்ணாடிச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தேன்.

திரும்பி வந்தபோது திரை பூட்டியிருந்தது. அவள் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் பூட்டினாய் என்று நான் கேட்கவில்லை.